முதல் உளி: மரம் செதுக்கத் தொடங்குபவர்களுக்கு

மரத்தில் செதுக்கிப் பழக வேண்டும் என்று விரும்பி வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த மரம் வாங்கலாம் என்று. அடுத்து, எத்தனை உளி வேண்டும் என்று. உளியை எப்படித் தீட்டுவது என்று கேட்பவர்கள் அரிது. ஆனால் தொடக்கத்திலேயே பலர் கைவிட்டுப் போவதற்குக் காரணம் மரமும் இல்லை, கைத்திறனும் இல்லை; மழுங்கிய உளிதான். மழுங்கிய உளி மரத்தை வெட்டாமல் பிய்க்கும். பிய்ப்பதற்கு அதிக விசை தேவைப்படும். அதிக விசையோடு தள்ளும் உளி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் தீட்டுவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், பிறகு மரத்துக்கு வரலாம்.

உளி என்று கேட்டால் எது கிடைக்கும்

ஹார்டுவேர் கடையில் வெறுமனே "உளி" என்று கேட்டால், மரத்துக்கா, கல்லுக்கா, இரும்புக்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிட வேண்டும். ஒரே பெயரில் மூன்று வேறு கருவிகள் இருக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கல்லுளிக்கு மரப்பிடி கிடையாது. முழுவதும் எஃகுக் கம்பிதான். நுனி கூம்பாகவோ பட்டையாகவோ இருக்கும். இரும்புச் சுத்தியலால் அதன் தலையில் அடிப்பார்கள். அது கல்லைச் சீவுவதில்லை, சில்லுசில்லாகத் தெறிக்க வைக்கிறது. நுனி மழுங்கினால் உலையில் காய்ச்சி, தட்டி, மறுபடி பதம் ஏற்றுவது, அதாவது எஃகைக் கடினமாக்குவது, பழைய வழக்கம். இப்போது டங்ஸ்டன் கார்பைடு நுனி பொருத்திய உளிகள் வந்துவிட்டன. கல்லில்தான் உங்கள் மனம் இருக்கிறது என்றால், மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கிவரும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியைப் பற்றி விசாரியுங்கள். கல் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்; முகக்கவசம் இல்லாமல் ஒரு நாள்கூடக் கல்லில் கை வைக்காதீர்கள்.

இரும்பு வெட்டும் உளி தடிமனானது. வாயின் இரு பக்கமும் சாய்வு இருக்கும்; இரு சாய்வுகளும் சேர்ந்து சுமார் 60 பாகை. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சுவரைக் கொத்துவதற்கும் இதே ரகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதை மரத்தில் வைத்தால் ஆப்பு அடித்ததுபோல மரம் பிளக்கும்.

நமக்கு வேண்டியது மரத்துளி. மெல்லிய அலகு, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன பிடி, ஒரு பக்கம் மட்டும் சாய்வு, மறுபக்கம் தட்டை.

இந்தச் சொல் பட்டறைக்கு வெளியேயும் உலவியிருக்கிறது. குறுந்தொகையின் 304ஆம் பாடலில் மீனவரான பரதவர் திமில் என்னும் படகில் சென்று பெருமீனை எறியும் கருவி "கூர்வாய் எறியுளி". மூங்கில் காம்பில் செருகிய கூர் இரும்பு அது. தச்சர் மரத்தை இழைக்கும் இழைப்புளியும் உளிதான்: ஒரு மரக்கட்டைக்குள் சாய்வாகச் செருகி, வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்திய உளி. உளியை அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியின் பெயரிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருக்குறளில் வரும் "இயல்புளிக் கோலோச்சும் மன்னவன்" மட்டும் வேறு. அங்கே இயல்புளி என்றால் "முறைப்படி"; அதில் வரும் உளி ஒரு பழைய இடைச்சொல். அகராதியைப் புரட்டும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உளியின் உறுப்புகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி வரும். வெட்டும் ஓரம் வாய். சாய்வாகத் தேய்த்த பக்கம் சாய்வு. அதற்கு எதிரான தட்டைப் பக்கம் முதுகு. எஃகுப் பகுதி முழுவதும் அலகு. பிடி பிளக்காமல் இருக்க மாட்டியிருக்கும் உலோக வளையம் பூண்.

எதை வாங்குவது

பன்னிரண்டு உளிகள் ஒரு பெட்டியில் அழகாக அடுக்கி, குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். அந்த எஃகு பெரும்பாலும் மென்மையானது. தீட்டிய கூர் சிறிது நேரம்கூட நிற்காது. பன்னிரண்டையும் தீட்டிப் பராமரிக்கப் புதியவர் ஒருவராலும் முடியாது. அதே பணத்தில் மூன்று நல்ல உளிகள் போதும்: அரை அங்குலத் தட்டை உளி ஒன்று, கால் அங்குலத் தட்டை உளி ஒன்று, அரை அங்குல நகவுளி ஒன்று.

நகவுளி என்பது விரல் நகம்போல வளைந்த வாய் உள்ளது. குழிவான பரப்புகள், இதழ்கள், ஆடை மடிப்புகள் எல்லாம் இதன் வேலை. வளைவு குறைந்தது, நடுத்தரம், அரை வட்டம் என்று பல ரகம் உண்டு. வெளிநாட்டுத் தயாரிப்புகளில் இந்த வளைவுக்கு எண் போட்டிருப்பார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முறையில் 1 என்பது தட்டை, 2 என்பது வாய் சரிந்த தட்டை உளி, 3 முதல் 9 வரை எண் ஏற ஏற வளைவும் ஏறும், 10 மற்றும் 11 ஆழமான குழி உளிகள். தொடங்குபவருக்கு 5 அல்லது 6 ஏற்றது. எண் இல்லாத உள்ளூர் உளி வாங்கினால், வாயைக் காகிதத்தில் அழுத்திப் பாருங்கள்; பதியும் கோடு மெல்லிய பிறைபோல இருந்தால் சரி.

அளவு கேட்கும்போது "நூல்" என்ற சொல்லையும் தெரிந்து வைத்திருங்கள். நம் ஊர்த் தச்சரும் கடைக்காரரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். நாலு நூல் உளி என்றால் அரை அங்குலம். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். தொழிற்சாலை உளிகளில் இவை 12 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் என்று அச்சாகியிருக்கும்.

வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிடி இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நோக்கினால் அலகு பிடியோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். முதுகில் வாயை ஒட்டி ஆழமான கீறலோ குழியோ இருக்கக் கூடாது. பிடி ஆடக் கூடாது. வாய் கூராக இருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. கடையிலிருந்து வரும் எந்த உளியும் வேலைக்குத் தயாராக இருப்பதில்லை.

பக்கத்தில் கொல்லர் பட்டறை இன்னும் இயங்குகிறது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். லாரியின் பழைய வில்பட்டையிலிருந்து நல்ல கொல்லர் அடித்துக் கொடுக்கும் உளி, பல தொழிற்சாலை உளிகளைவிட உறுதியானது. மரச் செதுக்குக்கு என்று சொல்லி, அலகு மெல்லியதாக வேண்டும் என்று கேளுங்கள். பழைய பொருள் கடையில் துருப்பிடித்துக் கிடக்கும் உளியையும் ஒதுக்காதீர்கள். மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும்; வாயருகே முதுகில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

சுத்தியலுக்குப் பதில் கொட்டாப்புளி வாங்குங்கள். இரும்புச் சுத்தியல் மரப்பிடியைச் சிதைத்துவிடும். புளிய மரத்தில் கடைந்தது கிடைத்தால் பல ஆண்டு உழைக்கும். கூடவே பொருளை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப்.

தீட்டும் பொருட்கள்

ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் மென்மையாகவும் இருக்கும் கார்போரண்டம் சாணைக்கல் கிடைக்கும். அதோடு தொடங்கலாம். அதன் மென்மையான பக்கமும் செதுக்கு வேலைக்குப் போதாது என்பதால், 400, 1000, 2000 எண்ணுள்ள வாட்டர் பேப்பர் சில தாள்கள் தேவை (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்). இரும்பு தேய்க்கும் கறுப்புத் தாள் அது. மரத்துக்குப் போடும் சாதாரண உப்புத்தாள் இதற்கு ஆகாது. தாளை விரிக்க, தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று: கண்ணாடிக் கடையில் ஓரம் மழுக்கி வாங்கிக்கொள்ளுங்கள். கல்லே வேண்டாம் என்றால் 220, 400, 1000, 2000 என்று தாள்களை மட்டும் வைத்தே முழுவதும் தீட்டலாம். ஆறு மாதம் இப்படி ஓட்டினால் தாளுக்கு ஆகும் செலவு நல்ல கல்லின் விலையைத் தொட்டுவிடும். அப்போது 1000 மற்றும் 6000 எண்ணுள்ள நீர்க்கல், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல், வாங்குவது நல்லது.

கடைசியாகத் தோல். பழைய பெல்ட்டின் ஒரு துண்டைப் பலகையில் ஒட்டி, மேலே மெருகுக்கடையில் கிடைக்கும் பச்சை பாலிஷ் கட்டியைத் தேயுங்கள். குரோமியம் ஆக்சைடு சேர்ந்த கட்டி அது. இந்தத் தோல்தான் உங்கள் மேசையிலேயே மலிவானது, அதிகம் உழைப்பதும் இதுவே.

மின் சாணை பற்றி ஒரு எச்சரிக்கை. சுழலும் சாணையில் மெல்லிய வாய் சில நொடிகளில் கொதித்துவிடும். எஃகு வைக்கோல் நிறத்துக்கு வந்து, பிறகு நீலமாகும். நீலம் படர்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தப் பகுதியை முழுவதும் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது. வாய் பெரிதாக உடைந்துபோனால் மட்டும் சாணைக்குப் போங்கள். அப்போதும் ஒவ்வொரு தொடுகைக்கும் பிறகு தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

தட்டை உளியைத் தீட்டுவது

முதுகிலிருந்து தொடங்குங்கள். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பு மட்டும் சரியாக இருந்து பயன் இல்லை. முதுகில் வாயை ஒட்டி ஒரு அங்குலம் அளவுக்கு மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். கண்ணாடி மேல் விரித்த 400 தாளில் சிறிது தண்ணீர் தெளித்து, முதுகை முழுவதும் தட்டையாக அழுத்தி, முன்னும் பின்னும் தேயுங்கள். எங்கே மை போகிறதோ அங்கேதான் தேய்கிறது. வாயை ஒட்டி மை முழுவதும் போகும்வரை தொடருங்கள். பிறகு 1000, அதன்பின் 2000. முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பளபளப்பு வந்தால் போதும். புது உளிக்கு இது ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அலுப்பாக இருக்கும். ஆனால் ஓர் உளிக்கு ஒரே முறைதான். வாழ்நாளில் மறுபடி செய்ய வேண்டியிருக்காது. இந்த வேலையின்போது முதுகைத் துளிகூட உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் முதுகிலும் ஒரு சாய்வு விழுந்துவிடும், அதன்பின் அந்த உளி நேராக வெட்டாது.

அடுத்தது சாய்வு. கையால் தள்ளிச் சீவும் உளிக்கு 25 பாகை, கொட்டாப்புளியால் அடிக்கும் உளிக்கு 30 பாகை. பாகைமானி தேவையில்லை. அலகின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். சாய்வின் நீளம் கனத்தைப்போல இரு மடங்கு இருந்தால் சரியாக 30 பாகை. இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 25. அதாவது 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலகில் 6 மில்லிமீட்டர் சாய்வு என்றால் 30 பாகை. 7 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 25.

சாய்வில் மை பூசி, கல்லின் மேல் சாய்வை முழுவதும் படும்படி வையுங்கள். முன்விளிம்பும் பின்விளிம்பும் சேர்ந்து கல்லைத் தொடும் நிலை ஒன்று உண்டு. மெல்ல ஆட்டிப் பார்த்தால் கை அதைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு விரல்களை வாய்க்கு அருகில் அலகின் மேல் அழுத்தி, மணிக்கட்டைப் பூட்டிவிட்டு, தோளிலிருந்து அசையுங்கள். மணிக்கட்டு அசைந்தால் சாய்வு உருண்டையாகிவிடும். சிலருக்கு முன்னும் பின்னும் தேய்ப்பதைவிடப் பக்கவாட்டில் தேய்ப்பது எளிதாக வரும். புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன், கோணம் தவறுவது குறையும். கையால் கோணம் பிடிக்க வரவே இல்லை என்றால், சிறு உருளை வைத்த தீட்டும் பிடி ஒன்று கடையில் கிடைக்கும். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எப்போது நிறுத்துவது? முதுகுப் பக்கம் விரலை வைத்து, வாயைக் கடந்து வெளிப்பக்கமாகத் தடவுங்கள். மெல்லிய பிசிர் ஒன்று விரலில் தட்டுப்பட வேண்டும். வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பிசிர் இருந்தால், சாய்வு வாயை எட்டிவிட்டது என்று பொருள். நடுவில் மட்டும் இருந்தால் இன்னும் தேயுங்கள். பிசிர் எழாமலே அடுத்த தாளுக்குப் போவதால்தான் பலரின் உளி எவ்வளவு தீட்டினாலும் கூராவதில்லை. விரலை வாயின் நீளத்தில் ஓட்டாதீர்கள்; குறுக்கே மட்டும்.

பிசிர் வந்ததும் 1000, 2000 என்று மென்மையான தாளுக்கு மாறுங்கள். ஒவ்வொன்றிலும் சாய்வைச் சில முறை, பிறகு முதுகைத் தட்டையாக வைத்து ஓரிரு முறை. பிசிர் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் தோலில் சாய்வை இருபது இழுப்பு, முதுகைப் பத்து இழுப்பு. தோலில் எப்போதும் பின்னோக்கி இழுக்க மட்டுமே வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோல் அறுந்துவிடும்.

கூரைக் கட்டைவிரலில் சோதிக்காதீர்கள். விளக்கின் கீழ் வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடாக ஏதாவது மினுங்கினால் அந்த இடம் மழுங்கல். கூரான வாயில் ஒளி தங்க இடமே இருக்காது. அடுத்து, மென்மையான மரத்துண்டு ஒன்றின் குறுக்கு முகத்தில், அதாவது ரம்பத்தால் அறுத்த முனையில், கையாலேயே ஒரு சீவல் எடுங்கள். சீவிய இடம் பளிச்சென்று வழவழப்பாக இருந்தால் உளி தயார். வெளுத்து, பொடி உதிர்ந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள்.

நகவுளி சற்று வேறு. சாய்வு வெளிப்புறம் இருக்கும். அதைக் கல்லில் வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தும்போதே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருட்ட வேண்டும். மூலைகளை அதிகம் தேய்த்து வாயைப் பிறைபோல ஆக்கிவிடுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது; நேர் எதிரிலிருந்து பார்த்தால் வாய் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். உட்புறப் பிசிரை எடுக்க, அதே வளைவுள்ள மரக்குச்சியில் 2000 தாளைச் சுற்றித் தேயுங்கள். தோல் துண்டை மடித்து உள்ளே இழுப்பதும் நல்லது.

வேலைக்கு நடுவே உளி மந்தமாவதை உணர்ந்த உடனே தோலுக்குப் போங்கள். அரை நிமிட வேலை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று தள்ளிப்போட்டால் கல்லுக்கே போக வேண்டியிருக்கும்.

மரம்

பலரும் தேக்கில் தொடங்க நினைக்கிறார்கள், அது உயர்ந்த மரம் என்பதால். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. அது உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். தொடங்குவதற்குக் குமிழ் மரத்தைப்போல இணக்கமானது வேறில்லை என்பது என் கருத்து. எடை குறைவு, வெட்ட மென்மை, காய்ந்தபின் அதிகம் நெளியாது. வெட்பாலையும் நல்லது; இழை நுண்ணியது, வெளிர் நிறம். மாமரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பூச்சி அரிக்கும். வேம்பின் இழைகள் பின்னிக் கிடப்பதால் முதல் வேலைக்குச் சிரமம். வாகைத் தூசி தும்மலைக் கிளப்பும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் செய்யும் மரச் சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றவை. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் எடுக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கும் அந்தக் குறியீடு உண்டு. அந்தப் பக்கம் போனால் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

மரம் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும் என்பது தச்சர் கணக்கு. பச்சை மரம் உளிக்கு இதமாக இருக்கும். செதுக்கி முடித்த பிறகு வெடிக்கும். அடிமரத்தின் நடு மையம் உள்ள துண்டை எடுக்காதீர்கள், அங்கிருந்துதான் பிளவு தொடங்கும்.

இழையோட்டம்

மரம் என்பது நெடுக அடுக்கிய நார்களின் கட்டு. அந்த நார்கள் ஓடும் திசையே இழையோட்டம். ஒரு துடைப்பக் கட்டைச் சாய்வாக நறுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகளின் நுனிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்; கையை ஒரு திசையில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் குச்சிகள் குத்தும். உளிக்கும் அப்படியே. சரியான திசையில் போனால் சீவல் சுருண்டு வரும், பரப்பு மினுங்கும். தவறான திசையில் போனால் உளி தானாக உள்ளே புதையும், மரம் பிய்ந்து வெளுக்கும். பிய்ந்தால் இன்னும் அழுத்தாதீர்கள். நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். குழி ஒன்றைச் செதுக்கும்போது இரு கரையிலிருந்தும் அடி நோக்கி இறங்க வேண்டும். அடியில் சந்தித்ததும் நிறுத்த வேண்டும். ஒரு கரையில் இறங்கி மறு கரையில் ஏற முயன்றால் ஏறும் பக்கம் பிய்ந்துவிடும்.

கையும் உடலும்

பொருளை ஒருபோதும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் செதுக்காதீர்கள். கிளாம்பால் மேசையோடு இறுக்குங்கள். இரண்டு கைகளும் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு கை பிடியைத் தள்ளும். மறு கை அலகைப் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை மரத்தின் மேல் ஊன்றி, பிரேக் போடும். இந்த இரண்டாம் கைதான் உளியை ஆளும் கை. உடம்பை நோக்கி வெட்டக் கூடாது. உளி மேசையிலிருந்து விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூடிய செருப்போ ஷூவோ அணிந்திருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எழுந்து போகும்போது உளிகளையும் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

முதல் பயிற்சியும் முதல் உருவமும்

முதல் சில நாட்கள் எந்த உருவமும் வேண்டாம். ஒரு பலகைத் துண்டில் இழையோட்டத்தோடு நேர்க்கோடுகள் போட்டு, நகவுளியால் ஒரே அகலம், ஒரே ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். பிறகு இழைக்குக் குறுக்கே. பிறகு வட்டமாக. வட்டத்தில் போகும்போது இரண்டு இடங்களில் திசை மாற்ற வேண்டியிருப்பதை உங்கள் கையே உங்களுக்குச் சொல்லும்.

அதன்பின் அரச இலை. ஆறு அங்குலச் சதுரத்தில், ஓர் அங்குலக் கனத்தில் குமிழ்த் துண்டு ஒன்றை எடுங்கள். உண்மையான இலை ஒன்றைப் பறித்து வந்து, கார்பன் தாள் வைத்து வரைந்துகொள்ளுங்கள். இலையின் வால் நுனி இழையோட்டத்தின் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்காக வைத்தால் அந்த மெல்லிய நுனி முதல் தட்டிலேயே ஒடிந்துபோகும்.

கோட்டின் மேலேயே உளியை நட்டு அடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். உளி ஆப்புபோலப் புகுந்து இரு பக்கமும் நாரை நசுக்கும், இலையின் ஓரம் உதிரும். முதலில் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் தள்ளி, நகவுளியால் இலையைச் சுற்றி ஒரு வாய்க்கால் எடுங்கள். வெளிப்புற மரத்தை அந்த வாய்க்காலை நோக்கிச் சீவிச் சீவித் தாழ்த்துங்கள். இப்போதுதான் தட்டை உளியைக் கோட்டில் நிறுத்தி, மெதுவாகத் தட்ட வேண்டும். இலையின் வளைவுகளில் கால் அங்குல உளியை, ஒரு வெட்டின் மேல் அடுத்த வெட்டு சிறிது ஏறும்படி நகர்த்திக்கொண்டே போங்கள். உளியின் தலையை இலையின் பக்கம் மிகச் சிறிதே சாய்த்துப் பிடியுங்கள். அப்போது சுவர் கீழே போகப்போக அகலும், ஓரத்துக்கு அடியில் தாங்கல் இருக்கும். நட்டு வெட்டுவது, பிறகு வெளியிலிருந்து சீவித் தாழ்த்துவது என்று மாறி மாறிச் செய்து, 5 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்குங்கள்.

தளம் ஒரே மட்டமாக வந்ததும் இலையின் மேற்பரப்புக்கு வரலாம். நடு நரம்பை மேடாக விட்டு, இரு பக்கமும் நரம்பை நோக்கி மெல்லச் சரியுங்கள். ஓரத்தை ஓரிரு இடத்தில் சற்று வளைத்துத் தாழ்த்துங்கள். முழு இலையும் ஒரே உயரத்தில் இருந்தால் அது அட்டையை ஒட்டியதுபோலத் தெரியும். பக்க நரம்புகளை நகவுளியின் மூலையால் கீறினால் போதும்.

உப்புத்தாள் போடாமல் விட முயலுங்கள். கூரான உளி விட்டுச் செல்லும் பரப்பில் ஒரு மினுக்கம் இருக்கும். தாள் அதை அழித்துவிடும். தாள் போட்ட மரத்தில் மறுபடி உளி வைக்கவும் கூடாது, தாளிலிருந்து உதிர்ந்த துகள்கள் மரத்துக்குள் தங்கிக் கூரைக் கெடுக்கும்.

எங்கே போய்ப் பார்ப்பது

தேர்களின் அடித்தட்டில் இருக்கும் மரச் சிற்பங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தில் மேற்கூரை முழுவதும் விதவிதமான மலர்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப்போல இன்னொன்று கிடையாது என்பார்கள். அங்கே கழுத்து வலிக்கும்வரை நின்று, ஒவ்வொரு பூவிலும் எது உயர்ந்திருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

மாமல்லபுரத்துக்குப் போனால் கூட்டம் நிற்கும் இடங்களோடு திரும்பிவிடாதீர்கள். வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் ஆகியவை பாதியில் நின்றவை. வேலை எந்த வரிசையில் நடந்தது என்பது முடிக்காத பாறையில்தான் தெரியும். முடிக்காத குடைவரைகளில், பாறையைச் சதுரம் சதுரமாக வாய்க்கால் வெட்டிப் பிரித்து, நடுவே நிற்கும் கட்டிகளைத் தட்டி எடுத்த முறை அப்படியே நிற்கிறது. மரம் செதுக்குபவருக்கும் அது நேரடியான பாடம்: முதலில் எல்லை, பிறகு கழிவு, உருவம் கடைசியில்.

உளிகளை வைத்திருப்பது

கடலோர ஊர்களில் ஒரே இரவில் துரு ஏறும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, தையல் எந்திர எண்ணெயை மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும் என்பதால் வேண்டாம். உளிகளைப் பெட்டியில் ஒன்றாகக் கொட்டி வைத்தால் வாயோடு வாய் மோதி உடையும். தடித்த கித்தான் துணியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை தைத்துச் சுருட்டி வைக்கலாம். தோலில் உறை தைக்காதீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் ஈரமும் உப்பும் எஃகில் துரு பிடிக்கச் செய்யும்.

நான்காவது உளி எப்போது வாங்குவது என்றால், கையில் இருக்கும் மூன்றால் எட்ட முடியாத ஒரு மூலை உங்கள் வேலையில் வரும்போது. அந்த மூலையின் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.